ஐந்து சக்கரமும் ஆறு செருப்பும்: மிதியியல் குறித்த ஒரு பூர்வாங்க ஆய்வு

ஃபார்முலா 1 பந்தயத்தில் 1994-இல், பிரேக் மிதிக்கையில் சக்கரம் லாக் ஆகாமல் காக்கும் ஏபிஎஸ் தடை செய்யப்பட்டது. அந்தத் தடையின் பாதிப்பு அடையாறு அடுக்குமாடிகளின் படுக்கையறை வரை வந்துவிட்டதை ஆய்வுலகம் இன்னும் கண்டுகொள்ளவில்லை. ‘அசெட்டோ கோர்சா’ போன்ற சிம் ரேசிங்கில் எல்லா உதவிகளையும் அணைத்துவிட்டு ஓட்டுவதே கௌரவம் என்று நம்பும் இளைஞர், முதல் வளைவிலேயே வீல் லாக் ஆகி, ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் நேரே போய்ச் சுவரில் சாத்துகிறார்.

முதலில் வகைப்பாடு. மெய்யெழுத்துகளைப் போலவே மிதிப்போரும் மூவினத்தார். தி.நகர் உஸ்மான் சாலையில் கால் பழகிய வன்மிதியார், கடைசி நொடியில் மொத்தமாக மிதித்து அப்படியே நிற்பர். மயிலை மாட வீதியில் மாட்டுக்கும் பூக்கூடைக்கும் வழிவிட்டே வளர்ந்த மென்மிதியார், நூறு மீட்டர் முன்பே பிரேக்கைத் தடவத் தொடங்குவர். இடைமிதியார் முதலில் அழுத்தமாக மிதித்து, வேகம் குறையக் குறையக் காலைத் தளர்த்துவர். தேறுகிறவர் இவர் ஒருவரே.

காரணம் ரேஸ் காரின் இறக்கைகள். அவை காரைத் தரையோடு அழுத்தும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, 200 கி.மீ. வேகம் 100 ஆனால் அழுத்தம் கால்பங்காகிவிடும். முன்பு டயர் தாங்கிய மிதியை இப்போது தாங்காது. முன்சக்கரம் லாக் ஆனால் கார் திரும்பாது. பின்சக்கரம் லாக் ஆனால் பம்பரமாகும். முன்சக்கரமே அடிக்கடி மாட்டினால் பிரேக் பங்கீட்டைச் சற்றே பின்னுக்குத் தள்ளலாம். வளைவுக்குள் ஸ்டியரிங் திரும்பத் தொடங்கினால் கால் மேலெழத் தொடங்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 31-லும் செப்டம்பர் 1-லும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கி.மீ. தெருச்சுற்றில் ஓடிய ஃபார்முலா 4 கார்களுக்கும் ஏபிஎஸ் கிடையாது. ஆனால் அவற்றின் இருக்கை காரோடு இறுகப் பொருத்தப்பட்டிருந்தது. முந்தைய ஆய்வாளர்கள் கோட்டை விட்டது இங்கேதான்.

வீட்டில் சிம் ஓட்டுவோர் வாங்கும் லோட் செல் பெடல், கால் போன தூரத்தை அளப்பதில்லை, அழுத்தத்தை அளக்கிறது. தசைக்கு நினைவிருப்பதும் அழுத்தமே என்பதால் அதுவே சிறந்தது. ஆனால் ஓங்கி மிதித்தால் ஆபீஸ் நாற்காலி பின்னால் ஓடிக் கட்டிலில் முட்டுகிறது. லாக் ஆகக் கூடாத நான்கு சக்கரங்கள் லாக் ஆகின்றன. லாக் ஆக வேண்டிய ஐந்து உருள்கின்றன.

தீர்வு மயிலையில் உண்டு. பங்குனிப் பெருவிழாவில் தேரை அடக்குவது முட்டுக்கட்டை. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக் வந்த பின்னும் அங்கே முட்டுக்கட்டைக்கு ஓய்வில்லை. வீட்டு அளவில், நாற்காலிச் சக்கரம் ஒவ்வொன்றையும் ஒரு பழைய செருப்பில் ஏற்றி வைத்தால் போதும். செருப்போ ஜோடியாகத்தான் வரும். மிஞ்சும் ஆறாவதை எங்கே வைப்பது என்பதில் அறிஞரிடையே கருத்தொற்றுமை ஏற்படவில்லை.