கே காலம்

திருப்பூர் வீரபாண்டி பிரிவைச் சுற்றியுள்ள எந்தப் பனியன் கம்பெனி ஆபீசுக்குள் போனாலும், ஒரு கம்ப்யூட்டரில் ஒரு காஸ்டிங் ஷீட் இருக்கும். எங்கள் கம்பெனியில் அதன் பெயர் 'பைனல் நியூ பைனல் 2'. பெரிய பணம் கொடுத்து வாங்கிய ஈஆர்பி சாஃப்ட்வேர் பக்கத்துத் திரையில் தூங்க, பையருக்கு விலை சொல்வது இந்த எக்செல்தான்.

உள்ளே பிரம்ம ரகசியம் எதுவும் இல்லை. உடல் நீளம், கை நீளம், தையலுக்கு விடுவது மூன்றையும் சென்டிமீட்டரில் கூட்டுங்கள். தையலுக்கு விட்டதையும் சேர்த்த மார்பகலத்தால் பெருக்கி, முன்னும் பின்னுமாக இரண்டால் பெருக்கி, ஜிஎஸ்எம்மால் (சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) பெருக்கி, ஒரு கோடியால் வகுத்தால் டீ-ஷர்ட்டுக்கான துணி கிலோவில் வந்துவிடும். 100 × 55 × 2 × 180 என்றால் 198 கிராம். வேஸ்டேஜ் தனி. எங்கள் கட்டிங் மாஸ்டர் இதை டீ ஆறுவதற்குள் மனசிலேயே போட்டுவிடுவார்.

அப்புறம் எதற்கு இந்த ஷீட்டுக்குப் பாஸ்வேர்டு?

பக்கத்து கம்பெனியில் இருக்கும் மச்சான் ஷீட்டைக் கேட்டான். முதலாளியிடம் சொன்னேன். "தாராளமா குடு கண்ணு. அந்த கே காலத்தை மட்டும் அழிச்சுட்டுக் குடு" என்றார். டையிங்கில் எத்தனை சதவீதம் எடை போகும், எந்த நிட்டிங்காரருக்கு என்ன கூலி, எந்த பையரிடம் எவ்வளவு ஏற்றிச் சொல்லலாம் எல்லாம் ஷீட்டின் அந்த 'கே' நெடுவரிசையில்தான். அழித்துப் பார்த்தேன். ஷீட் முழுக்கப் பிழைக்குறி. பனியனைத் திருப்பினால் தெரியும் நூல் பிசிறு மாதிரி, எல்லாக் கணக்கும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

கூகுளுக்கும் இதே பாடுதான். தன் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் வேலை பிரித்துக் கொடுக்க 'போர்க்' என்று ஒன்றைப் பத்தாண்டுக்கு மேல் உள்ளேயே ஓட்டியது. 2014-இல் வெளியே விட்டதோ புதிதாக எழுதிய குபெர்னெட்டிஸை. போர்க் அந்த வீட்டுச் சுவரோடு சுவராகிப் போயிருந்தது. பெயர்த்துக் கொடுக்க வழியில்லை.

கொடுத்தவரும் உண்டு. மும்பையில் ருஷப் மேத்தா என்பவர் குடும்பத்தின் ஃபர்னிச்சர் தொழிலுக்காக எழுத ஆரம்பித்ததுதான், இன்று யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஈஆர்பிநெக்ஸ்ட். கடைசியில் அவருக்குச் சாஃப்ட்வேரே தொழிலாகிவிட்டது. கொடுப்பதென்றால் அந்த அளவுக்கு இறங்க வேண்டும். ஷிப்மெண்ட் வாரத்தில், ராத்திரி பத்து மணிக்கு, "மாப்ள, காலர் ரிப்புக்கு எந்த ரோவுல போடறது?" என்று வரும் போனை யார் எடுப்பது?

ஃபார்முலா மேலே இருக்கிறது, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். வேஸ்டேஜ் எத்தனை சதவீதம் போடுகிறோம் என்று மட்டும் கேட்காதீர்கள்.