டாஷ்போர்டு தீபாராதனை

கீரிப்பாறை ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கும் டீசல் பிக்கப்களில் தினமும் திருக்கார்த்திகைதான். சாவியைத் திருப்பினால் விளக்குகள் வரிசையாக எரியும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அணையாத விளக்குகளிடம் ஓட்டுநர்கள் காட்டும் பெருந்தன்மைக்கு ஈடில்லை.

எண்ணெய்க்கிண்டி விளக்கு சிவப்பாக எரிந்தால் உடனே இன்ஜினை நிறுத்து என்கிறது கையேடு. எண்ணெய் அழுத்தம் போனால் பேரிங் உருகிவிடுமாம். அவசரக்காரர்கள் எழுதியது! விளக்கு எரிகிறதென்றால் எண்ணெய் இருக்கிறது என்றுதானே பொருள்?

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்தது. புகைக்கரி வடிகட்டிக்கும் ஒரு மஞ்சள் விளக்கு வாய்த்தது. சேர்ந்த கரி எரிந்து தீர, வண்டி சற்றுநேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். இரண்டாம் கியரில் முனகும் மலைப்பாதையில் அதற்கு ஏது வழி? இருக்கவே இருக்கிறது கறுப்பு இன்சுலேஷன் டேப். ஸ்கேனர் வேண்டாம், மெக்கானிக் வேண்டாம், மீட்டருக்குக் கண்ணேறும் படாது.

ஒருநாள் இறக்கத்தில் ஓட்டுநர் டேப்பை உரித்துப் பார்த்தார். ஒரு விளக்கும் எரியவில்லை.

"அண்ணாச்சி, எல்லாம் சரியாயிட்டு, பாத்தியளா!" என்றான் கிளீனர்.

அடுத்த வளைவில் ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. விளக்குகளோடு இன்ஜினும் அணைந்திருந்தது.