ஆறு நிமிடத்து மூச்சு

கேள்வி: வாப்பாவுக்கு நாட்பட்ட சுவாச வருத்தம். கருவியில் ஊத வைத்துப் பார்த்தார்கள். பிறகு விறாந்தையில் ஆறு நிமிடம் நடக்கவும் விட்டார்கள். ஊதியது போதாதா? (கொண்டச்சி)

பதில்: ஊதுவது நுரையீரல், நடப்பது வாப்பா. உள்ளே இழுத்த காற்று எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்பதை ஊதும் கருவி சொல்லும். கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீரோடு திரும்ப முடியுமா, பள்ளிவாசல் வரை நிற்காமல் போக முடியுமா என்பது அதற்குத் தெரியாது. ஊதிய கணக்கு ஒரே மாதிரி இருக்கும் இருவரில் ஒருவர் 450 மீற்றர் நடப்பார், மற்றவர் 200இலேயே கதிரை தேடுவார். இதயம், கால் தசை, இரத்தத்தில் உள்ள ஒட்சிசன், களைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லாம் சேர்ந்ததுதான் நடை. இளைக்கும் என்று பயந்து மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பவருக்குத் தொடை மெலிகிறது. மெலிந்த தொடை சீக்கிரம் களைக்கிறது. அந்தக் களைப்பையும் நுரையீரலின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம்.

கேள்வி: அதென்ன ஆறு?

பதில்: முதலில் பன்னிரண்டு. 1976இல் நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி உள்ளவர்களைப் பன்னிரண்டு நிமிடம் நடக்க வைத்து அளந்தார்கள். நோயாளிக்கும் கஷ்டம், பக்கத்தில் நிற்பவருக்கும் கஷ்டம். 1982இல் இரண்டு, ஆறு, பன்னிரண்டு நிமிட நடைகளை ஒப்பிட்டபோது மூன்றும் ஏறத்தாழ ஒரே கதையைச் சொல்லின. நடுவில் இருந்த ஆறு நிலைத்தது.

கேள்வி: இடையில் இரண்டு தரம் நின்றுவிட்டார். ‘பெயில் போலக் கிடக்கு’ என்று அன்றிலிருந்து சோர்ந்து போயிருக்கிறார்.

பதில்: இன்றைக்கே சொல்லிவிடுங்கள், இதில் பெயில் இல்லை. நிற்கலாம், சுவரில் சாயலாம், மூச்சு வந்ததும் தொடரலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. எங்கே நின்றார், அப்போது ஒட்சிசன் எவ்வளவு இறங்கியது, மூச்சுத் திணறலுக்குப் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை புள்ளி கொடுத்தார் என்பவை டொக்டருக்கு மிகவும் தேவை. நிற்காமல் சமாளித்துக் காட்டியிருந்தால் இவை மறைந்துபோயிருக்கும்.

கேள்வி: துணைக்கு நானும் கூட நடக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் வேகம் அவர் வேகமாகிவிடும். கைத்தடி இருந்தால் அது கூட நடக்கட்டும்.

கேள்வி: எங்கள் குடாவில் முத்துக்குளித்தவர்கள் எத்தனை நிமிடம் மூச்சடக்கினார்கள்? வாப்பாவுக்கும் அப்படிப் பார்க்கலாமா?

பதில்: கொண்டச்சிக் குடாவின் முத்துச் சலாபத்தைப் பார்த்து 1803இல் நூல் எழுதிய பெர்சிவல், வழக்கமாக இரண்டு நிமிடம் என்கிறார். 1797இல் அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒருவர் ஆறு நிமிடம் அடியில் இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். பின்னால் கடிகாரத்தோடு பார்த்தவர்கள் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே கணக்கிட்டார்கள். ஆறு நிமிடத்தை நானும் நம்பவில்லை. குளியாளியின் திறமை மூச்சைப் பிடித்து வைப்பதில் இருந்தது. நாங்கள் அறிய வேண்டியது, வாப்பா தன் மூச்சைச் செலவழித்து எவ்வளவு தூரம் போகிறார் என்பது. அவரை மூச்சடக்க விடாதீர்கள்.

கேள்வி: முற்றத்தில் நாங்களே அளக்கலாமா?

பதில்: மணலில் நடந்த தூரமும் சீமெந்துத் தரையில் நடந்த தூரமும் ஒன்றல்ல. சோதனைக்குத் தட்டையான, நேரான 30 மீற்றர் பாதை வேண்டும். பாதை குறுகினால் திரும்பும் தடவை கூடும், தூரம் குறையும். ஒட்சிசன் கடுமையாக இறங்கினால் நிறுத்தத் தெரிந்தவரும் பக்கத்தில் வேண்டும். அண்மையில் மாரடைப்பு வந்தவரை நடக்க விடவே மாட்டார்கள். ஆனாலும் பாருங்கள், இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. விறாந்தை, இரண்டு அடையாளக் கூம்பு, கடிகாரம், விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி, அவசரத்துக்கு ஒட்சிசன், பயிற்சி பெற்ற ஓர் ஆள், இவ்வளவுதான். கிராமத்து ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் இது நடக்க வேண்டும். மூச்சு முட்டும் மனிதரை அளப்பதற்காக மணிக்கணக்கில் பஸ்ஸில் ஏற்றுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி: உடற்பயிற்சி தொடங்குமுன் வாப்பா நடந்தது 310 மீற்றர், இப்போது 345. முப்பத்தைந்து மீற்றர் ஒரு முன்னேற்றமா?

பதில்: ஆம். ஏறக்குறைய 30 மீற்றர் கூடினாலே நோயாளிக்கு அர்த்தமுள்ள மாற்றம் என்று 2014இல் ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து சொல்லியிருக்கின்றன. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: முதல் முறை ஒரு தரம்தான் நடந்தாரா? இரண்டாம் தரம் பழக்கத்தாலேயே தூரம் கூடும். அதனால்தான் இரண்டு தரம் நடக்க விட்டு, கூடியதை எடுப்பார்கள். அப்படி எடுத்ததுதான் 310 என்றால், வீட்டு வாசலிலிருந்து 35 மீற்றரை அளந்து வாப்பாவுக்குக் காட்டுங்கள். அந்தத் தூரம் அவர் சம்பாதித்தது.