படிக்காத மேதைகள்

பழைய பொருளியல் நூல்களின் முதல் பதிப்புகளைச் சேகரிப்பவர்களைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆடம் ஸ்மித்தின் ‘நாடுகளின் செல்வம்’ 1776இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வந்தபோது விலை 1 பவுண்டு 16 ஷில்லிங். இன்று ஏலத்தில் லட்சம் டாலரைச் சுலபமாகத் தாண்டுகிறது. அதிலும் தாள்மடிப்பு வெட்டாத பிரதி என்றால் மவுசே தனி. பரம்பரை பரம்பரையாக ஒருவரும் புரட்டவில்லை என்பதற்கு அதைவிட அத்தாட்சி ஏது? வாசிப்பு விலையைக் குறைக்கும். எனவே வாசிக்காததே முதலீடு. வரிகளை அலசும் ஐந்தாம் பாகத்தை உலக நிதியமைச்சர்கள் தொடாமல் வைத்திருப்பதும் இந்தப் பொறுப்புணர்வால்தான் போலும்.

அடுத்து மார்க்சின் ‘மூலதனம்’. 1867, ஹாம்பர்க், ஆயிரம் பிரதிகள். உலகத் தொழிலாளர்கள் பொறுத்தருள வேண்டும்: அதை இப்போது முதலாளிகளால்தான் வாங்க முடியும்.