சாம்பிராணியும் கிராபிக்ஸ் கார்டும்

கிள்ளான் பட்டணத்து மாடியறையொன்றில், கண்ணாடிப் பேழைக்குள் வானவில் விளக்குகளோடு ஜகஜ்ஜோதியாய் எழுந்தருளியிருக்கும் விளையாட்டுக் கணினி, துப்பாக்கிச் சண்டை உக்கிரமடையும் க்ஷணம் பார்த்துத் திக்கித் திணறத் தொடங்குமாயின், அதன் அதிபதியான இளைஞர் முதலில் சந்தேகிப்பது கிராபிக்ஸ் கார்டைத்தான். காரணம், உள்ளிருப்பவற்றுள் அதுவே விலை அதிகமுள்ளது, ஆகவே மாற்றுவதற்கும் பரமானந்தமளிப்பது. கோமுட்டர் ரயிலேறி, புக்கிட் பிந்தாங்கின் லோ யாட் பிளாசாவில் மாடி மாடியாகப் பிரதக்ஷிணம் செய்து புதுக் கார்டு வாங்கி வந்தபின்பும், திணறல் எள்ளளவும் குறைவதில்லை.

பகலில் 33 டிகிரி தகிக்கும் ஊரில், வெள்ளிக்கிழமைதோறும் பாட்டியம்மாள் போடும் சாம்பிராணிப் புகையையும் வீதித் தூசியையும் விசிறிகள் பக்தியோடு உள்ளிழுத்துச் சேமித்திருக்க, பிராசசரானது 100 டிகிரியை நெருங்கியதும் ஆத்ம ரக்ஷணார்த்தமாகத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது என்னும் எளிய விஷயம் எவருக்கும் ருசிப்பதில்லை. ஒரு பெயிண்ட் பிரஷும் சிறிது தெர்மல் பேஸ்டும் போதுமென்கிற பரிகாரத்தில் கௌரவம் எங்கே இருக்கிறது?

ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கொடுத்த கார்டை உள்ளே உறங்கவிட்டு, மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகி, 144 ஹெர்ட்ஸ் திரையை 60-இலேயே ஓட்டிக்கொண்டு, “எஃப்பிஎஸ் ஏறவே மாட்டேங்குது அண்ணே” என்று புலம்பும் மகானுபாவர்களும் உண்டு. (இவர்கள்தாம் பிறருக்கு ஆலோசனை வழங்குவதில் முன்னிற்பவர்கள்.)

பழுதுபார்க்கும் அண்ணனோ, மூடியைத் திறந்து ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டு, “பவர் சப்ளையையும் மாத்திடலாமா, தம்பி?” என்கிறார், தம்பியின் முகம் மலர்கிறது.