போகிக்குத் தப்பிய முக்காலி

சிக்கனமாக வீட்டை அலங்கரிக்கலாமென்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறங்கிய பர்மா தேக்குத் தூண்கள், எனாமல் தூக்குகள், ஊறுகாய் ஜாடிகள். நம் பைக்கு ஒரு முக்காலிதான் கட்டுப்படியானது: 400 ரூபாய். மூன்று கால் உள்ளது ஆடாது என்பது கணிதம். இது ஆடியது.

பிறகு 80, 120, 220 எண் உப்புத்தாள்கள், ஃபெவிகால், தின்னர், வார்னிஷ், பிரஷ் என்று எல்லாம் சேர்த்து 1,350 ரூபாய். யூடியூபில் பத்தே நிமிடத்தில் முடிகிற வேலை, எனக்கு மூன்று ஞாயிறு. காய்வதற்குள் பூனை நடந்துவிட்டது. அந்தத் தடத்தைக் கைவேலைப்பாடு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

திருவள்ளூர் அத்தை வந்து தடவிப் பார்த்தாள்.

“ஏண்டா, இதே மாதிரி நாலு பரண்ல கெடந்துச்சு. போன போகிக்குத்தான் எரிச்சோம். முன்னாடியே கேட்டிருக்கக் கூடாது?”