கொசுறு

போன தீபாவளிக்கு முன்னால், என் மனைவியின் கோடு போட்ட நோட்டை ஒழித்துக்கட்டுவது என்று முடிவெடுத்தேன். வருஷாவருஷம் முறுக்கு, அதிரசம், ரிப்பன் பக்கோடா என்று ஆர்டர் எடுத்துச் செய்கிறவள் அவள். நாங்கள் இருப்பது சேலையூர். வாடிக்கைக்காரர்கள் மின்சார ரயில் பாதை நெடுக: பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர். யாருக்கு எத்தனை கிலோ, யாரிடம் எவ்வளவு பாக்கி எல்லாம் அந்த நோட்டில், எண்ணெய்க் கறையோடு. இருபது வருஷமாக சி மொழியில் நிரல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் வீட்டில் இப்படி ஒரு நோட்டா?

"எதுக்குங்க? நோட்டு நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

"நோட்டுல சட்டுனு தேட முடியுமா?" என்றேன். நோட்டைத் திறக்காமலே, "குரோம்பேட்டைக்காரர் முந்நூத்தம்பது ரூபா பாக்கி" என்றாள். அதை நான் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு சனி ஞாயிறில் நிரல் தயார். ஒவ்வொரு ஆர்டருக்கும் மால்லாக்கிடம் கேட்டு, ஹீப் நினைவகத்தில் ஊர்ப் பெயருக்கு ஓர் இடம், அதை ஒட்டிப் பலகாரக் கணக்குக்கு ஓர் இடம் வாங்கினேன். அப்புறம்தான் பெயரை எழுதினேன். வேலை முடிந்ததும் ஃப்ரீ சொல்லி இரண்டையும் திருப்பித் தந்துவிட வேண்டும். ஐந்து ஊரையும் போட்டேன். பட்டியல் வந்தது, கூட்டுத்தொகை சரியாக வந்தது. வாங்கிய இடங்களைத் திருப்பித் தருகிற நேரத்தில் மட்டும், 'ஃப்ரீ(): இன்வாலிட் பாயின்ட்டர்' என்று ஒரு வரி முனகிவிட்டு நிரல் செத்தது.

கடைசியாகச் சேர்ந்தது பெருங்களத்தூர். பழியை அதன்மேல் போட்டேன். "பெருங்களத்தூர் ஆர்டர் வேண்டாம்னு சொல்லிடேன்" என்றேன். "ரெண்டு கிலோ அதிரசங்க! உங்க கம்ப்யூட்டருக்காக விடணுமா?" என்றாள். அந்த ஊரை எடுத்துவிட்டும் ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் செத்தது. ராத்திரி இரண்டு மணிவரை அந்த ஃப்ரீ வரியையே முறைத்துக்கொண்டிருந்தேன். படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறினால், எங்கள் பிளம்பர் நேரே மாடிக் குளியலறைக்குப் போய்விடுவார். எனக்கு அந்த விவரம் போதவில்லை.

விடிந்ததும் வால்கிரிண்டைக் கூப்பிட்டேன். ஜூலியன் சீவார்ட் எழுதி 2002-ல் வெளிவந்த கருவி. நிரல் தொடுகிற ஒவ்வொரு பைட்டுக்கும் உரிமை உண்டா என்று பார்த்துக்கொண்டே வரும்; அதனால் நிரல் 20, 30 மடங்கு மெதுவாக நகரும். ஐந்தே ஆர்டர் என்பதால் காபி ஆறுவதற்குள் தீர்ப்பு வந்தது: 24 பைட் இடம் வாங்கியிருக்கிறாய், அது முடிந்த இடத்துக்கு அடுத்து ஒரு பைட் எழுதியிருக்கிறாய். எந்த வரியில் வாங்கினேன், எந்த வரியில் எழுதினேன் என்பதும் கூடவே. ஊர், தாம்பரம்.

தமிழாசிரியரைக் கேட்டால் தாம்பரம் ஐந்தெழுத்து. யூனிகோடுக்கு, துணைக்கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணி எட்டு. யூடிஎஃப்-8 முறையில் எட்டும் மும்மூன்று பைட், ஆக 24. நானும் 24 கேட்டேன். ஆனால் சி மொழியில் எந்தச் சொல்லுக்கும் முடிவில் ஒரு பூஜ்யம் வைக்க வேண்டும். 'ஸ்டிரிங் காப்பி' அந்த 25-ஆவது பைட்டை எழுதியபோது, அடுத்த இடத்தின் அளவைக் குறித்து வைத்திருந்த கட்டத்தில் போய் விழுந்தது. பலகாரக் கணக்கின் அளவு பூஜ்யமாகிவிட்டது.

மற்ற ஊர்கள் தப்பித்த காரணம்தான் வேடிக்கை. 64 பிட் லினக்ஸில் மால்லாக் 24 கேட்டால் சரியாக 24 தரும். 25 முதல் 40 வரை எது கேட்டாலும் 40 தரும். பல்லாவரம் 27, சானடோரியம் 30, குரோம்பேட்டை 36. நான் பழி போட்ட பெருங்களத்தூர் 42; அதற்கு மால்லாக் 56 தந்திருந்ததால், அதன் பூஜ்யம் 43-ஆவது பைட்டில் ஒழுங்காக அடங்கியிருந்தது. எல்லா ஊரிலும் அதே தப்பைத்தான் செய்திருக்கிறேன். தாம்பரத்தில் மட்டும் பிடிபட்டேன்.

அட்ரஸ் சானிடைசரும் இதைப் பிடித்திருக்கும். 2012-ல் கூகுள்காரர்கள் அறிமுகம் செய்தது. சுமார் இரண்டு மடங்கு நேரம்தான் எடுக்கும். திருப்பித் தந்த நினைவகத்தை உடனே மறுபடி புழங்க விடாமல் கொஞ்ச காலம் தனிமைப்படுத்தி வைக்கும். காசநோய் மருத்துவமனையால் பெயர் பெற்ற எங்கள் சானடோரியத்துக்கு இந்த வைத்தியம் புதிதில்லை.

"ஒரே ஒரு பைட்டுக்கா ராத்திரி பூரா முழிச்சீங்க?" என்றாள். 2014-ல் ஹார்ட்பிளீட் என்று ஒரு ஓட்டை. எதிராளி சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பியதால், ஓபன்எஸ்எஸ்எல் ஒவ்வொரு கேள்விக்கும் 64 கிலோபைட் வரை அந்தரங்கத்தை வாரிக் கொடுத்தது என்று விளக்கினேன். "அளக்காம கொடுத்தா அப்படித்தான்" என்று மாவைப் பிசைந்தாள்.

வால்கிரிண்டின் இரண்டாவது புகாரை அவளிடம் சொல்லவில்லை. வாங்கிய சில இடங்களை நான் திருப்பித் தரவே மறந்திருந்தேன். அவள் நோட்டைப் புரட்டினேன். வலது ஓரத்தில் சிவப்பு மையில்: 'தாம்பரம் — எவர்சில்வர் தூக்கு 2, இன்னும் வரலை.'

நிரலைத் திருத்தியது ஒரு 'பிளஸ் 1'. அதையும் அவளிடம் காட்டினேன்.

"இதுவா? கிலோவுக்கு ஒரு முறுக்கு கொசுறு நான் எப்பவும் போடறதுதானே?"

அன்று மாலை சும்மா எண்ணிப் பார்த்தேன். சேலையூரும் 24. முதலில் சொந்த ஊரைப் போட்டுச் சோதித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இந்தத் தீபாவளிக்கும் நோட்டுதான். ஆர்டர் கொடுக்கிறவர்கள் தூக்கை மறக்காமல் திருப்பித் தந்துவிடுங்கள்.